பின்கதவு

“இங்க பின்கதவு ஒண்ணு இருக்குமே, டாக்டரம்மா?” என்று கேட்டாள் அந்தப் பெண். பார்வை மருந்து பீரோவின் மேல் இருந்தது.

“அதை அடைச்சு எவ்வளவோ வருஷமாச்சும்மா. முன்வாசல் வழியாவே போங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அவளுடைய மகள் பக்கத்து அறையில் நர்ஸோடு இருந்தாள். பதினான்கு வயது. வயிற்றில் இரண்டு மாதம். பள்ளிப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

டாக்டர் முகவரியைப் பார்த்தார். இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தூரம். தெரிந்தவர் யாரும் எதிரே வந்துவிடக் கூடாதென்று இப்படித்தான் வருவார்கள்.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். கலைப்பதா வேண்டாமா என்பதை மகளிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். சிகிச்சை எதற்காகவும் நிற்காது, பெயர் வெளியே போகாது. ஆனால் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அது சட்டம்.

“எழுதாம விட்டா என்ன ஆகும்?”

“எனக்கு ஜெயில்.”

“உங்களைக் கேக்கல.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பெற்றவர்கள் மானம் என்பார்கள், அழுவார்கள், காலில் விழுவார்கள். எல்லாம் எழுதாமலிருக்கத்தான். இவள் அழவில்லை. அதனாலோ என்னவோ, யாரிடமும் சொல்லாததை இவளிடம் சொன்னார்.

இருபது வருடத்துக்கு முன்பு, இதே அறை. இதே பதினான்கு வயதில் ஒரு பெண். மாமா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கூட்டிவந்தார். சலவைச் சட்டை, மரியாதையான பேச்சு. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்றார். விழுந்த காயம் எப்படி இருக்கும் என்று டாக்டருக்குத் தெரியும். ஆனாலும் பதிவேட்டில் வயிற்றுவலி என்றுதான் எழுதினார். முன்னால் கூட்டம் என்று இருவரையும் பின்பக்கமாக அனுப்பிவைத்தார். படி இறங்கும்போது அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த மாதமே அந்தக் கதவை அடைத்து, மருந்து பீரோவை அதன் முன்னால் நிறுத்திவிட்டார்.

“அப்ப இந்தச் சட்டம் இல்ல” என்றார் டாக்டர். “ஆனா எனக்குக் கண்ணு இருந்துச்சு.”

எதிரே இருந்தவள் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, டாக்டர் பக்கம் நீட்டினாள்.

“எழுதுங்க.”

தான் சொன்னது வேலை செய்துவிட்டது என்று டாக்டர் நினைத்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“ஆள் யாருன்னு தெரியுமாம்மா?”

அவள் மறுபடியும் பீரோவைப் பார்த்தாள்.

“அன்னைக்கு என்னைக் கூட்டிட்டு வந்த அதே மாமாதான், டாக்டரம்மா.”