சோள ராணியின் சாரதி

ஹார்லன் கார்னர்ஸ் நகரத்தின் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ரஸ் கிம்பலின் சிவப்பு போன்டியாக் விற்பனைக்கு வந்துவிட்டது. 1969 மாடல், எட்டு சிலிண்டர், திறந்த கார். வண்டியின் முன்கண்ணாடியில் அட்டை வைக்கப்பட்டிருந்தது.

அட்டையை முதலில் படித்தவர் பக்கத்து வீட்டு ஆர்லன் பீச்சம். எழுந்துகூடப் போகவில்லை. வேலியோரம் இருந்த தன் மேப்பிள் மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்தபடியே, பறவை பார்க்க வாங்கிய பைனாகுலரில் படித்தார்.

"விக்கிறான், டோரீன்! அந்த வண்டியை விக்கிறான்!"

"அதுக்கு நீ ஏன் இப்படிக் கத்தறே?" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

கத்தாமல் என்ன செய்வார்? மூன்று வருஷமாக, ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்திலும் அந்தக் காரின் பின்சீட்டு முதுகில் ஏறி உட்கார்ந்துதான், ஊர் தேர்ந்தெடுத்த சோள ராணி கையசைப்பாள். கறுப்புக் கண்ணாடியோடு ஓட்டும் ரஸ், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டே விரலைத் தூக்குவார். ஊரே கைதட்டும்.

அந்த ஊருக்கே முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுத்த ஆர்லனோ, காருக்குப் பின்னால் குதிரைகள், குதிரைகளுக்குப் பின்னால் வியாபாரிகள் சங்கத்துக் கொடி என்ற வரிசையில், கொடியைத் தூக்கிக்கொண்டு காலடியைப் பார்த்துப் பார்த்து நடந்து வருவார்.

"இந்த வருஷம் ராணிக்கு நான்தான் ஓட்டறேன். படகை வித்துடப் போறேன்."

"அந்தப் படகுதான் உன் உயிருன்னு சொன்னே?"

"படகுல உக்காந்து ரெண்டு விரலைத் தூக்கினா எவன் கைதட்டறான்?"

ரஸ்ஸோடு அவருக்கு அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நாலு வருஷத்துக்கு முன், பீச்சம் தம்பதி வழக்கம்போல் குளிர்காலத்துக்கு ஃப்ளோரிடா போயிருந்தபோது, பனிப்புயலில் அந்த மேப்பிள் சாய்ந்து ரஸ்ஸின் பழைய ஷெட்டைத் தரைமட்டமாக்கிவிட்டது. வசந்தத்தில் ரஸ் பேச வந்தார். ஆர்லன் வாயைத் திறக்கவிடவில்லை. ஆபீசில் தூக்குகிற அதே விரலைத் தூக்கி, "கடவுள் செயல், ரஸ்! மரத்துக்காரன் பொறுப்பில்ல. போய் உன் பாலிசியைப் படி" என்றார். ரஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இப்போது ஆர்லன் அதே வேலியைத் தாண்டிப் போனார், கையில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் ஃப்ளமிங்கோ காந்தத்தோடு. பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. பழைய கார் பார்க்கப் போகிற ஒவ்வொருவர் பையிலும் ஒன்று இருக்கும். ஃப்ளமிங்கோ வைத்த இடமெல்லாம் ஒட்டியது.

"ஏதாவது கேக்கணும்னா கேளு, ஆர்லன். கேட்டா சொல்றேன்."

"நானா? உன்கிட்டயா? இந்த ஊர்ல எந்த வண்டிக்கு நான் மதிப்புப் போடல?"

முனகிக்கொண்டே படுத்து அடியில் எட்டிப் பார்த்தார். நீளவாட்டில் தடித்த இரும்புச் சட்டங்கள் புதுப் பெயின்ட்டில் பளபளத்தன. "பாத்தியா, அந்தக் காலத்து வேலை! இப்ப எவன் இப்படி இரும்பைப் போடறான்?"

ரஸ் இருமினார்.

பின்சீட்டுக்குப் பின்னால் வெள்ளைத் தோலுறை பட்டன் போட்டு இறுக்கி மூடியிருந்தது. இந்த மாதிரி கார்களில் மடித்த கூரை கிடக்கிற இடம். ஆர்லன் அதைத் தடவிப் பார்த்தார், கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல.

"கழட்டித்தான் பாரேன்" என்றார் ரஸ்.

"கோடை காலத்துல கூரையைப் போய் எவன் பாப்பான்? ராணி என்ன, கூரைக்குள்ளயா உக்காரப் போறா?"

"அதுவும் சரிதான். நாளைக்கு டேட்டன்லேருந்து ஒருத்தர் பாக்க வர்றார். அவருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு."

டேட்டன்காரர் இரண்டு விரலைத் தூக்குகிற காட்சி ஆர்லன் கண்முன்னால் வந்தது. ரஸ் கேட்காமலே, அவராகவே விலையை இரண்டாயிரம் டாலர் ஏற்றினார்.

ஜூலை நாலாம் தேதி. கறுப்புக் கண்ணாடி, வெள்ளை பெல்ட், பின்னால் சோள ராணி. ஆர்லன் இரண்டு விரலைத் தூக்கினார். ஊரே கைதட்டியது. நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் ஒரு குடையோடு உட்கார்ந்திருந்த ரஸ்கூடக் கைதட்டினார். ஆர்லன் அவருக்கு மட்டும் ஒரே ஒரு விரலைத் தூக்கினார். ஆள்காட்டி விரல்தான்.

தபாலாபீஸ் முனையில் வானம் இடித்தது. அடுத்த நிமிஷம் கொட்டியது. ஊர்வலம் நின்றது. ராணியின் கிரீடத்திலிருந்த காகிதச் சோளம் கரைந்து மஞ்சளாக வழிந்தது. டாஷ்போர்டில் ஆர்லன் எதை எதையோ அழுத்தினார். வைப்பர் ஆடியது. ரேடியோ பாடியது.

"சார், கூரையை மூடுங்க சார்!" என்று கத்தினாள் ராணி.

"ரஸ்! கூரைக்கு ஸ்விட்ச் எங்கப்பா இருக்கு?"

ரஸ் குடையை விரித்துக்கொண்டு நிதானமாக வந்தார். "ஸ்விட்ச் கிடையாது."

"அப்ப கையால இழுக்கணுமா?"

"இழுக்கறதுக்குக் கூரையே கிடையாது, ஆர்லன். இது மூடின வண்டியாப் பொறந்தது. கூரை நசுங்கிப் போச்சுன்னு நான்தான் வெட்டி எடுத்துட்டு, வண்டி வளையாம இருக்க அடியில இரும்பு வச்சேன்."

"நசுங்கிப் போச்சா? அது எப்படிய்யா நசுங்கும்?"

ரஸ் குடையை ராணியின் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"கடவுள் செயல். ஷெட்டுக்குள்ள நின்ன இது மேலதான் உன் மேப்பிள் மரம் விழுந்துச்சு."