பக்கம் புரட்டும் மோட்டார்

தொட்டுப் பார்த்தார். கொதித்தது. நடுக்கமும் நிற்கவில்லை.

“இன்னும் நடுங்குதாங்க?” என்று கட்டிலில் இருந்தபடி மனைவி கேட்டாள்.

“நடுங்குது, ஆனா சுத்த மாட்டேங்குது.” லாரிக்காரர் மோட்டாரின் சுவிட்சை அணைத்தார். “லாரி டிரைவர் பேச்சை இந்த டிரைவர் கேக்காது போல.”

மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பி ஓட்டும் சின்ன மின்சுற்றுப் பலகைக்கும் டிரைவர் என்றுதான் பெயர். அவள் சிரிக்கவில்லை.

பதினெட்டு வருடம் தொழிற்பயிற்சிப் பள்ளியில் மோட்டார் பாடம் எடுத்தவள். விபத்துக்குப் பிறகு இரண்டு கைகளும் அசைவதில்லை. புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்ட வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

அதற்காகத்தான் இந்தக் கருவி. கன்னத்தால் பொத்தானைத் தட்டினால், மோட்டாரில் பொருத்திய மரக்கை பக்கத்தைப் புரட்ட வேண்டும். எந்த ஒயர் எங்கே என்று அவள் சொல்லச் சொல்ல அவர் மாட்டியது. நான்கு நாளாக உயிரை வாங்குகிறது.

திங்கட்கிழமை வராவிட்டால் வண்டி வேறு ஆளுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். ஏறினால் திரும்ப இருபது நாள். சோறு ஊட்ட மச்சினி வருவாள். மற்ற நேரமெல்லாம் இவள் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பதை அவரால் நினைக்க முடியவில்லை.

“பலகையில இருக்கிற திருகாணியை இன்னும் கால் சுத்து திருப்புங்க, கரண்ட் கூடும்” என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

திருப்பினார். மோட்டார் இன்னும் உரக்க உதறியது. அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வேறு வழி தெரியாமல், வாசலுக்குப் போய் அவளோடு வேலை பார்த்த வாத்தியாருக்குப் போன் போட்டார்.

“ஒயரை எப்படி மாட்டினீங்க?”

“கறுப்பும் சிவப்பும் ஒரு ஜோடி, பச்சையும் நீலமும் ஒரு ஜோடி.”

“கழட்டுங்க. ரெண்டு ரெண்டு ஒயரா சேத்துப் பிடிச்சுக்கிட்டு மோட்டார் தண்டைக் கையால திருகிப் பாருங்க. எப்போ இறுகுதோ, அந்த ரெண்டும்தான் ஜோடி.”

உள்ளே வந்து திருகிப் பார்த்தார். கறுப்புக்கு ஜோடி பச்சை. மாற்றி மாட்டி, திருகாணியையும் பழையபடி திருப்பி வைத்தார். சுவிட்சைப் போட்டுப் பொத்தானைத் தட்டியதும், மரக்கை சத்தமில்லாமல் நகர்ந்து பக்கத்தைப் புரட்டியது.

கட்டில் பக்கம் திரும்பினார். “ஓடுதும்மா. ஜோடிதான் மாறியிருக்கு. உனக்கே மறந்துபோச்சா?”

அவள் புரண்ட பக்கத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

“மறக்கலைங்க. ஓடிட்டா நீங்க கிளம்பிடுவீங்களேன்னு மாத்திச் சொன்னேன்.”