வாப்பாவின் ஒரே வினைச்சொல்

“வெல்கம், வெல்கம். மேக் சிட்.”

கூரியர் கொண்டுவந்தவரிடம் வாப்பா சொன்னது உள்ளறை வரை கேட்டது. ஜஸீனா பேனாவை மூடிவைத்தாள்.

நாளை மாலை நான்கு மணிக்கு இதே முன்னறையில் அவளுடைய ஆங்கில வகுப்பு தொடங்குகிறது. ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதப்போகும் நர்சுகள். முதல் நாள் இலவசம். பிடித்தால்தான் சேர்வார்கள். இதை நம்பித்தான் பள்ளிக்கூட வேலையை விட்டிருக்கிறாள்.

“வாப்பா, இங்க வாங்கோ. உங்களுக்கு ஒரு பாடம் இருக்கு.”

சைபுதீன் வந்து நல்ல பிள்ளையாக எதிரே உட்கார்ந்தார். சவூதியில், தம்மாம் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த இங்கிலீஷில் வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான். தூங்குவது மேக் ஸ்லீப். குளிப்பது மேக் பாத். கோபப்படுவது மேக் ஆங்க்ரி.

“சாயா போட்டா மேக். ஒருத்தரைச் சிரிக்க வச்சா அதுவும் மேக். ஓடிப்போயி கடைசி பஸ்ஸைப் பிடிச்சுட்டா, ஐ மேட் இட். இந்த மிக்ஸி எந்தக் கம்பெனின்னு கேட்டா, அங்க அது பெயர்ச்சொல். ஆனா உட்காரவும் தூங்கவும் மேக் வேண்டாம். வெளங்கிச்சா?”

“வெளங்கிச்சு மோளே. நல்லா மேக் அண்டர்ஸ்டாண்ட்.”

அடுப்படியில் உம்மா சிரித்தாள். “பாடம் போதும். வாங்கோ, மேக் ஈட்.”

“கமிங், ஷாஜிதா. மேக் டூ மினிட்ஸ்.”

கடல் காற்றில் ஜன்னல் திரை உப்பி அடங்கியது. இரண்டு பேரும் வேறேதோ நாட்டில் குடியிருப்பதுபோல் இருந்தது. அந்த நாட்டுக்கு ஜஸீனாவுக்கு விசா கிடையாது.

“வாப்பா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. நாளைக்குக் கிளாஸ் முடியுறது வரைக்கும் கடற்கரைப் பக்கமா போயிட்டு வாறீங்களா?”

சைபுதீன் எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவைத்தார்.

“போறேன் மோளே.”

மேக் எதுவும் இல்லாமல் சொன்னார்.

மறுநாள் பாடத்தாள்களை நகலெடுக்கக் குளச்சல் ஜங்ஷனுக்குப் போனவளை மழை பிடித்துக்கொண்டது. கடையில் கரண்டும் போய்விட்டது. மணி நாலரை. வந்தவர்கள் டீச்சர் இல்லாத வகுப்பைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போதே, வருவதாகச் சொன்ன நர்சுகளில் ஒருத்தியான பிளஸ்ஸியின் செய்தி வந்தது.

‘மேடம், கிளாஸ் தொடங்கியாச்சு. நீங்க எங்க?’

தொடங்கியாச்சா? யாரு தொடங்கினது?

நனைந்துகொண்டே ஸ்கூட்டரை ஓட்டினாள். வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்புகளும் அப்படியே கிடந்தன. உள்ளே ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது. அவசரமில்லாத, எங்கும் தட்டாத ஆங்கிலம். நோயாளி வலி குறைந்துவிட்டது என்று சொன்னால் உடனே எழுதிவிடாதீர்கள், முதலில் அவர் முகத்தைப் பாருங்கள் என்றது அந்தக் குரல். யாரோ போனில் வீடியோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தாள். வாப்பா.

தூக்கத்தில் சொந்த வீட்டுக்குள்ளேயே இதுவரை பார்க்காத ஓர் அறையைக் கண்டதுபோல் நின்றாள். மழை அவளுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் பெய்துகொண்டிருந்தது.

அப்போது உள்ளிருந்து உம்மா சாயாத் தட்டோடு வந்தாள்.

“மேக் டிரிங்க், மேக் டிரிங்க். நோ மேக் ஷை.”

முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். பிளஸ்ஸி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

வாப்பா எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

“சிஸ்டர்ஸ், ஆல் மேக் டிரிங்க். மை ஒய்ஃப், டீ மேக் வெரி சூப்பர்.”

ஒன்பது பேரும் அவரையே பார்த்தார்கள். பிறகு உம்மாவைப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை.

“தேங்க்யூ உம்மா,” என்று முதல் கிளாஸை எடுத்தாள் பிளஸ்ஸி. “மீ மேக் டிரிங்க்.”

உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

ஜஸீனா வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக அடுப்படிக்குப் போனாள். உம்மா காலித் தட்டோடு திரும்பி வந்தாள்.

“வந்துட்டியா மக்கா? மழையில கடற்கரையில இருந்து திரும்பி வந்த வாப்பாதான், நீ வரக் காணோம்னதும் புள்ளையள உட்கார வச்சு பேசிட்டு இருக்காரு. தலையத் தொவட்டு.”

“உம்மா, வாப்பாக்கு என்னை விட நல்லா இங்கிலீஷ் தெரியும். இவ்வளவு நாளா உங்களுக்காகத்தான் அப்படிப் பேசியிருக்காரு.”

“மெல்லப் பேசு, ஏட்டி.” உம்மா கதவைச் சாத்தினாள். “நீ கைக்குழந்தையா இருக்கும்போ அவரு மொத மொதலா போன் பண்ணினாரு. நானும் படிச்சவன்னு காட்டணும்லா? பேபி மேக் ஸ்லீப்னேன். அவரு திருத்தவே இல்ல. யூ ஆல்சோ மேக் ஸ்லீப்னாரு. அன்னையில இருந்து எங்கிட்ட அப்படித்தான்.”

“அப்ப அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நீ பத்தாங்கிளாசுல உரக்கப் படிச்சதை எல்லாம் அடுப்படியில நின்னு நானும் படிச்சேம்லா.”

முன்னறையிலிருந்து வாப்பாவின் குரல் கேட்டது. உம்மா ஈரத்துண்டால் கையைத் துடைத்தபடி அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“வாப்பாகிட்ட சொல்லிராத மக்கா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு மனுசன் எவ்வளவு சந்தோஷமா என்னைக் காப்பாத்திட்டு இருக்காரு.”