கண்ணியமான சொல்

"யோவ் கிழட்டுக் கழுதை, வாயைத் திற!"

அமெரிக்காவில், ஓஹையோவின் அந்த முதியோர் இல்லத்தில் காலைதோறும் லோர்னாவின் குரல் இப்படித்தான் கேட்கும். தன் பெயரையே மறந்துவிட்ட ஹார்லன் உடனே சிரித்து, ஓட்ஸ் கஞ்சிக்கு வாய் திறப்பார்.

பக்கத்து அறையில் யாரையோ பார்க்க வந்த ஒருத்தி அதைக் கேட்டுப் புகார் செய்தாள். புது நிர்வாகி மெரிடித் லோர்னாவை அழைத்தாள்.

"இங்க இருக்கிறவங்கள யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது."

"அது ஒண்ணுதாம்மா அவரு காதுல ஏறுது."

"கேக்கறவங்க மனசு நோகுதில்ல? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்த வாரம் முழுக்க நீங்க வர வேண்டாம்."

மறுநாளிலிருந்து வேறொரு பெண் ஊட்ட வந்தாள்.

"ஐயா, தயவுசெஞ்சு ஒரே ஒரு வாய்..." என்று பணிவாகக் கெஞ்சினாள்.

ஹார்லன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி இறங்கவில்லை. பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. காய்ச்சல் கண்டது.

வாரம் முடிவதற்குள் போன் வர, லோர்னா ஓடிவந்தாள். மெரிடித் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினாள்.

"லோர்னா... உங்க கணவர்... நம்மள விட்டு... அமைதியா..."

"செத்துட்டாருன்னே சொல்லும்மா," என்றாள் லோர்னா. "இனிமே யாரு மனசு நோகப் போகுது?"