செய்திகள் வாசிப்பது செண்பகவல்லி

பேராசிரியை பொத்தானை அழுத்தினாள்.

சின்ன இரைச்சல். பிறகு அந்தக் குரல்.

"வணக்கம். பல்கலைக்கழகக் கலைக் கல்லூரிச் செய்திகள். வாசிப்பது செண்பகவல்லி."

எதிரே உட்கார்ந்திருந்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். செண்பகவல்லியின் அப்பா.

மகள் பஸ் விபத்தில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. விடுதியில் கிடந்த அவளுடைய பெட்டியை எடுத்துப்போக வந்தவர், பெட்டியும் கையுமாக வானொலி அறை வாசலில் வந்து நின்றார். கல்லூரி வானொலி வளாகத்தைத் தாண்டிக் கேட்காது. அவருக்கு ஊர் கயத்தாறு பக்கம். மகள் செய்தி வாசித்து அவர் கேட்டதே இல்லை.

"ஒரே ஒரு தடவ கேட்டுட்டுப் போயிருதேன் மேடம்" என்றார்.

வானொலிக்கு அவள்தான் பொறுப்பாசிரியர். மைக்கின் முன் எங்கே மூச்சு விட வேண்டும் என்று செண்பகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். மறுக்க முடியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் பதிவு. இந்த ஒரு மாதத்தில் அவளே பலமுறை கேட்டிருந்தாள். அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

தத்துவத் துறைக்குப் புதிய தலைவர். பெண்கள் கபடி அணி இறுதிச் சுற்றில். இசைத் துறை மாடியில் குளவிக்கூடு. யாரும் கல்லெறிய வேண்டாம்.

அந்த இடத்தில் செண்பகம் சிரிப்பை அடக்குவாள்.

அடக்கினாள்.

அப்பாவும் சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

"இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன."

கணினித் திரையில் ஓடிய கோடு விளிம்பைத் தொட்டு நின்றது. பதிவு அவ்வளவுதான்.

தாள் புரளும் ஓசை கேட்டது.

"சற்றுமுன் கிடைத்த செய்தி."

அதே குரல். அதே நிதானம்.

"விடுதியிலிருந்து பெட்டியை எடுத்துச் செல்ல என் அப்பா வந்திருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பெட்டியின் கைப்பிடி இற்றுப்போயிருக்கிறது. அடியைப் பிடித்துத் தூக்கும்படி அவர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

அவள் திரையைப் பார்த்தாள். கோடு நகரவில்லை.

அவர் குனிந்து, காலடியில் இருந்த பெட்டியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"ஆமா, இத்துத்தான் போச்சு" என்றார்.

பயம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. வானொலி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.



"அடுத்து, நம் வானொலிப் பொறுப்பாசிரியரின் வீட்டிலிருந்து ஒரு செய்தி."

அவள் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள்.

அறை அமைதியானது.

வீட்டில் கணவரும் மகனும் இருந்தார்கள். காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். நன்றாகத்தான் இருந்தார்கள். மகன் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று சிணுங்கினான்.

கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. பதிவு அறைக்குள் யாரும் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. அவள் போட்ட சட்டம். அவளுடைய கைப்பேசி துறை அறை மேசையில் கிடந்தது.

"பிள்ள இன்னும் முடிக்கலையே மேடம்" என்றார் அவர்.

"முடிஞ்சிருச்சு. அவ்வளவுதான் இருக்கு."

 அவர் எழுந்து கும்பிட்டார். பெட்டியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிக்கொண்டார். தோளால் கதவைத் தள்ளி வெளியே போனார்.

தடித்த கதவு அவருக்குப் பின்னால் தானே சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது.

கண்ணாடி வழியாக முற்றம் தெரிந்தது. மதிய இடைவேளை. புங்க மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி பிள்ளைகள்.

யாரும் சாப்பிடவில்லை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை.

அவள் அதற்கு இணைப்பே கொடுக்கவில்லை. இது ஒலிபரப்பு அல்ல. அறைக்குள் மட்டும் போட்ட பழைய பதிவு.

செண்பகத்தின் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். இன்னொருத்தி வாயருகே கொண்டுபோன சோற்றை அப்படியே பிடித்திருந்தாள்.

பிறகு ஒவ்வொருவராக இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அவளைப் பார்த்தார்கள்.

படிக்கட்டில் அவரும் நின்றிருந்தார். தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டார். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

திரும்பி வந்தார்.

உள்ளே நுழைந்து கதவை நன்றாக அழுத்திச் சாத்தினார். வெளியிலிருந்து ஒரு சொல்கூட உள்ளே வராதபடி.

தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கொஞ்சம் உக்காருங்க தாயி" என்றார்.