மேட்டுக்கு ஏறாத லோடு

"இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள வண்டி போடிமெட்டு ஏறியாகணும் பாய். எஸ்டேட்டுல உரத்துக்குக் காத்துக் கெடக்காங்க."

லாரி முதலாளி விஜயகுமார் பைக்கை விட்டு இறங்காமலே சொன்னார். பின்னால் உட்கார்ந்து வந்த டிரைவர் சோணை இறங்கி ஓரமாக நின்றான்.

போடியில் மலைச்சாலை ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது மெக்கானிக் சம்சுதீனின் பட்டறை. வாசலில் உர மூட்டைகளோடு நின்ற லாரியின் முன்பக்கம் கட்டை கொடுத்துத் தூக்கியிருந்தது. இடது சக்கரம் கழன்று கிடந்தது.

"கிங்பின் தேஞ்சிருச்சு" என்றார் சம்சுதீன். "முன்சக்கரம் திரும்புறதே அந்தப் பின்னுலதான். புதுசு போடாம ஏத்த முடியாது."

விஜயகுமார் சோணையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மகளக் காலேஜுல சேக்கணும், நாளைக்கு லீவு வேணும்னு நேத்தே கேட்டான். லோடு இருக்கு, தர முடியாதுன்னேன். காலையில பார்த்தா வண்டி இடப்பக்கம் இழுக்குதுங்கிறான். நீங்களும் தேஞ்சிருச்சுங்கிறீங்க. கழட்டினதக் காட்டுங்க பாய்."

பழைய சாமானை முதலாளி கையில் கொடுத்துக் காட்டுவது பட்டறை வழக்கம்தான். சம்சுதீன் எண்ணெய்த் துணியைப் பிரித்து ஓர் இரும்புத் தண்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம்.

விஜயகுமார் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல மொதலாளி. பழசையே மாட்டச் சொல்லுங்க, மெதுவா ஏத்திர்றேன்" என்றான் சோணை.

"பாருங்க, ஓட்டுறவனே சொல்றான்!"

"அவனுக்கென்ன, சொல்லுவான். பதினேழு வளைவு. ஒண்ணுல சக்கரம் திரும்பலைன்னாலும் உரத்தப் பள்ளத்துலதான் போயி அள்ளணும்."

"அப்ப வெரசா மாத்திக் குடுங்க."

"லேத்துல குடுத்து எடுக்கணும். நாளைக்குச் சாயந்தரம் ஆகும்."

விஜயகுமார் தண்டைத் துணிமேல் போட்டார்.

"போய்த் தொலடா. அவளாவது படிச்சு உருப்படட்டும்."

பைக் கண்ணில் மறைந்ததும் சோணை போனை எடுத்தான்.

"ஆத்தா பானு, அப்பா நாளைக்கு வர்றேன். ஆமா, கையெழுத்துப் போட நானே வர்றேன். கடைசி நாளுன்னு அழுதியே, இப்பச் சிரி பாப்போம். சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வையி."

போனை வைத்ததும் அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னமா நடிச்சீங்க மாமா! இழுக்குதுன்னு நான் சொன்ன பொய்யிக்கு, எந்த வண்டிப் பின்னையோ காட்டி அந்த ஆளையே நம்ப வச்சுட்டீங்களே. சரி, நம்ம வண்டிப் பின்னு எங்க? மாட்டிச் சக்கரத்தப் பூட்டிருவோம்."

சம்சுதீன் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த சாக்கைக் காட்டினார்.

"நீ கேட்டியேன்னு வேற வண்டிப் பின்னு ஒண்ணு எடுத்துத்தான் வச்சேன். அது அங்கன சாக்குக்குள்ளயே கெடக்கு. மொதலாளி கையில குடுத்தது ஒன் வண்டியில கழட்டினது மாப்ளே."