ஒரு வீட்டுக்கு மட்டும்

“உலகம் பூரா தெரியணும் மேடம். எங்க வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது.”

வீடியோ ஹோஸ்டிங் கம்பெனியின் ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கோரிக்கையோடு வந்த ஆளை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

வந்தவர் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலைக் கேட்டுப் பெட்டியும் படுக்கையுமாக ஆயிரம் பேர் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொரு பிளாட்பாரத்துக்கு ஓடியிருக்கிறார்கள். வீட்டில் அதே குரலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.

அந்த ஆற்றாமையில் பிறந்ததுதான் அவருடைய வெப்சைட். மனைவியோடு காலம் தள்ளுவது எப்படி என்று பன்னிரண்டு பாகங்கள் பேசி செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தார். முதல் பாகம், மனைவி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது. இரண்டாம் பாகம், பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு. எல்லாமே மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்தவை.

ஆலோசகர் பொறுமையாக விளக்கினாள். இலவசத் தளத்தில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், நடுநடுவே விளம்பரம் வரும். சொந்த சர்வரில் வைத்தால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலே திணறிப் படுத்துவிடும். இவர்களிடம் கொடுத்தால், பார்ப்பவரின் இணைய வேகத்துக்குத் தக்கபடி படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைத்து, நிற்காமல் ஓட்டிக் கொடுப்பார்கள்.

“நிக்காம ஓடும்னு மட்டும் சொல்லாதீங்க,” என்றார் அவர்.

விஷயம் இதுதான். தினமும் காலையில் அவரோடு நடக்க வரும் நண்பர், செல்போனில் ஏதோ நிகழ்ச்சியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார். சிரித்து ஓய்ந்து இவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பிக்கிறார். போனை மட்டும் காட்டவே மாட்டார். யாரோ ஒரு அம்மா முகம் காட்டாமல் பேசுகிறாளாம், இந்தக் கம்பெனி வழியாகத்தான் வருகிறதாம். இவர் வீட்டுக்குப் போய்த் திறந்தால், இந்த வீடியோ உங்களுக்குக் கிடைக்காது என்று வருகிறது.

“அந்தம்மாதான் எங்க பெரிய கஸ்டமர் சார். ஒரு தடவைக்கு அறுபதாயிரம் பேர் பார்க்கிறாங்க, இதுவரைக்கும் ஒருத்தர்கூட குறை சொன்னதில்லை. உங்க வீட்டு நெட்டைப் பாருங்க.”

அவருக்கு எரிச்சலாக வந்தது. வீட்டு இணைப்பு மனைவி பார்த்துப் போட்டது, வேறு எப்படி இருக்கும் என்று முணுமுணுத்து, பதின்மூன்றாம் பாகத்துக்கு ஆகும் என்று அதைக் குறித்துக்கொண்டார். அறுபதாயிரம் பேர் உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு ஒருத்திக்குப் பேச என்னதான் இருக்கும் என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

“எனக்கு அறுநூறு பேர் பார்த்தாப் போதும் மேடம். ஆனா எங்க வீட்டுக்காரி மட்டும் பார்த்துட்டான்னா, நான் தொலைஞ்சேன்.”

அந்தப் பயம் நிஜமான பயம். முப்பத்துநாலு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவரிடம் சத்தம் போட்டதில்லை. அவர் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்டுக்கொள்வாள், எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே போய் என்ன செய்கிறாள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆலோசகருக்கு இரக்கம் வந்துவிட்டது. பெரிய திட்டத்தில் வீட்டுப் பூட்டு என்று ஒரு வசதி இருப்பதாகச் சொன்னாள். ஒரு வீட்டு இணைப்பின் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், உலகமே பார்த்தாலும் அந்த வீட்டில் மட்டும் வீடியோ திறக்காது. வீட்டில் இரண்டு போனுக்கும் அந்த ஒரே இணைப்புதான் என்று அவர் சொல்ல, அப்படியானால் கவலையே இல்லை என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய பழக்கத்தில், எண்ணை ஒவ்வொன்றாக நிறுத்தி இரண்டு தடவை அறிவித்தார். அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆலோசகர் எண்ணைத் தட்டினாள். திரையை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினாள். பிறகு, அந்தக் குரலை எங்கேயோ கேட்டது போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மேடம், நம்பர் தப்பா?”

“நம்பர் சரிதான் சார்,” என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. “இந்த வீட்டை அந்தம்மா போன வருஷமே பூட்டிட்டாங்க.”